தாய்மாமனுக்கு அரை மணி நேரம்

பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் என்று மனிதரில் ஒரு வகை உண்டு. வீட்டைப் பூட்டுவார்கள், இழுத்துப் பார்ப்பார்கள். படி இறங்குவார்கள், மறுபடி ஏறி இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். பஸ் நிறுத்தம் வரை போய், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, "கேஸ் அடுப்பை அணைச்சமா?" என்று ஒரு சாக்குச் சொல்லித் திரும்பி வந்து, அடுப்புப் பக்கமே போகாமல் பூட்டை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார்கள். ஊரில் திருட்டு குறைய இவர்களால் ஏதும் உதவி உண்டா? இல்லை. எதிர்ச் சாரியில் நின்று வேடிக்கை பார்க்கிற திருடனுக்குத்தான் உதவி. இம்புட்டு இழுத்துப் பார்க்கிறான் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று அவன் கண்டுகொள்கிறான்.

இந்த வகையினர் பித்தளைப் பூட்டிலும் பீரோச் சாவியிலும் காலம் தள்ளியது போய், இப்போது வீட்டு வைஃபைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வைஃபையில் ஒரு சங்கடம். கையால் இழுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஆகவே இவர்கள் உறவுக்காரர்களை இழுத்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அடையாளத்துக்குத் திருநகர் அழகுபாண்டியை எடுத்துக்கொள்ளலாம்.

அழகுபாண்டிக்குத் தல்லாகுளம் பக்கம் ஓர் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் வேலை. காலமெல்லாம் எல்லைக்கல் தேடியவர். யாருடைய வேலி யாருடைய புஞ்சைக்குள் ஒரு முழம் நுழைந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, உலகமே இரண்டு பங்காகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்: பட்டா, ஆக்கிரமிப்பு. அப்படிப்பட்டவர் வீட்டில் சுவரைத் தாண்டிப் போகும் ஒரு பொருளைக் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும்?

மாட்டிய அன்று சாயங்காலமே போனைக் கையில் பிடித்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெல்ல நடந்தார். அவருடைய மனைவி தாமரைச்செல்வி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"சிக்னல் எங்க முடியுதுன்னு பாக்குறேன். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கமும் ரெண்டு கோடு காட்டுது. பாய் வீட்டுக்குள்ள போகுதுடி."

"போனாப் போகட்டும்."

"போகட்டுமா? ஆக்கிரமிப்பு!"

"நம்ம சிக்னல் அவுக வீட்டுக்குள்ள போனா, ஆக்கிரமிப்புப் பண்றது நாமதான?"

அவர் உள்ளே போனார். ஹாலில் இருந்த ரூட்டரைப் படுக்கையறைக்கு மாற்றினார். பிறகு பரண்மேல் வைத்தார். அதன் வீச்சு எவ்வளவு தூரம் பாய வேண்டும் என்பதற்கும் உள்ளே ஓர் அமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சிக்னல் சுவருக்கு ஒரு சாண் உள்ளேயே நின்றுவிடும்படி செய்தார். மகள் ரோகிணியின் அறைக்கு வெளியிலும் அது நின்றுவிட்டது. அந்தப் பெண் அன்று முதல் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறாள். எல்லைத் தகராறு என்று வந்தால் சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழகுபாண்டி செய்ததில் பாதி சரி. இணைப்புக் கொடுக்க வந்தவர் பெட்டிக்கு அடியில் அச்சடித்திருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போக, நம்மில் பலர் ஆயுளுக்கும் அதையே வைத்துக்கொண்டு கிடக்கிறோம். இவர் அன்றே மாற்றினார். வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்ட் இருப்பதுபோல, அந்த ரூட்டரை ஆள்வதற்கு வேறொரு பாஸ்வேர்ட் உண்டு என்பதும், அதைக் கைப்பற்றியவனுக்கு வீட்டுக்காரனே குடித்தனக்காரன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் மாற்றினார். "ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தணும். ஒண்ணை மாத்திட்டு ஒண்ணை விடுறது, முன்வாசலைப் பூட்டிட்டுக் கொல்லையைத் தொறந்து போடுற மாதிரி" என்று மனைவிக்கும் மகளுக்கும் பாடம் நடத்தினார். நல்ல பாடம். இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ரோகிணி வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் பாய் வேறு மாதிரி. அவருடைய பாஸ்வேர்ட் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக. பால்காரருக்கும் தெரியும்.

"பாய், இது தப்பு. யாரு வேணா உள்ள வந்துருவான்."

"வரட்டும் தம்பி. வாசல்ல தண்ணிப் பானை வச்சிருக்கோம், பூட்டா போடுறோம்?"

"பூட்டு இல்ல. ஆனா டம்ளரைச் சங்கிலியில கட்டித்தான வச்சிருக்கீங்க?"

பாய் யோசித்தார். "டம்ளரைத்தான கட்டியிருக்கேன், தண்ணியை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த வகை மனிதர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது வீண் என்று அழகுபாண்டி முடிவு கட்டினார்.

சரி, விருந்தாளி வந்து பாஸ்வேர்ட் கேட்டால்? அது ஒரு சடங்கு. அழகுபாண்டி முதலில் கேட்காததுபோல் காபி சாப்பிடச் சொல்வார். இரண்டாம் முறை கேட்டால், "உங்க போன்ல நெட் பேக் இல்லையா?" என்று கரிசனமாக விசாரிப்பார். மூன்றாம் முறை கேட்டால் போனை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஏடிஎம்மில் ரகசிய எண் அடிப்பவர்போல உள்ளங்கையால் மறைத்து, ஒவ்வோர் எழுத்தாக அடித்து, "ம், வந்துருச்சு" என்று திருப்பிக் கொடுப்பார். வாயால் மட்டும் சொல்ல மாட்டார். சொன்ன பாஸ்வேர்ட் செத்த பாஸ்வேர்ட் என்பது அவர் கொள்கை.

இந்தக் கொள்கையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மச்சான் விருமாண்டி. தாமரைச்செல்வியின் அண்ணன். சமயநல்லூருக்கு உள்ளே தள்ளி வயலும் மாடுமாக இருப்பவர். கையில் இருப்பதை எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒரு பொங்கலுக்கு வந்தவருக்கு, மனைவியின் முகத்துக்காக அழகுபாண்டி பாஸ்வேர்டை வாயால் சொல்லிவிட்டார். மச்சான் வாசலில் போய் உட்கார்ந்தார். இளநீர்க்காரர் வந்தார், "என்னப்பா, நெட்டு வேணுமா?" என்று கேட்டு அவருக்குக் கொடுத்தார். ஆட்டோ அண்ணனுக்குக் கொடுத்தார். மாடு பிடிக்கிற வீடியோ பார்க்கக் கூடிய தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கரும்பு ஒடித்துக் கொடுப்பதுபோல் ஒடித்து ஒடித்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அழகுபாண்டியின் காம்பவுண்டுக்குள் சுவரை ஒட்டி வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் அவரைப் பார்த்து நன்றியோடு சிரித்தார்கள்.

அன்றுதான் அவர் வீட்டு வைஃபையை இரண்டாகப் பிரித்தார். வீட்டு ஆட்களுக்கு ஒன்று: மெயின். வெளி ஆட்களுக்கு இன்னொன்று: கெஸ்ட். கெஸ்ட்டில் வருகிறவர்களுக்கு அரை மணி நேரம். அதற்குமேல் அந்தப் போனுக்கு அன்றைக்கு நெட் கிடையாது. முகத்தில் அடித்தாற்போல் அறுத்துவிடவும் கூடாதே என்று, நேரம் முடிந்ததும் திரையில் தோன்ற ஒரு வாசகத்தைத் தாமே எழுதினார். எழுதி, அடித்து, திருத்தி எழுதினார். "விருந்தினரே, வருகைக்கு நன்றி. தங்கள் நேரம் முடிந்தது." இதில் 'தங்கள்' என்ற சொல்லுக்காக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெருமைப்பட்டார்.

மெயினுக்குப் புது பாஸ்வேர்ட் வேண்டும். மகள் பெயர் கூடாது, பிறந்த தேதி கூடாது, வண்டி நம்பர் கூடாது. நீளமாக இருக்க வேண்டும், வேறு யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், உங்களுக்கு மட்டும் மறக்கவே கூடாது. இப்படியெல்லாம் வீடியோவில் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் யாரிடமும் சொல்லாத, தனக்கு மட்டும் மறக்காத ஒன்றைத் தேடி ஒரு மனிதன் தன் மனசுக்குள் இறங்கினால் அங்கே என்ன கிடக்கும்? அழகுபாண்டிக்கு இறங்கிய உடனே காலில் இடறியது. ஆங்கில எழுத்துகளில் அடித்தார். தமிழில் படித்தால் இப்படி வரும்: மச்சான் வாரான் பூட்டுப் போடு.

அதை அடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். வாயால் சொல்லப் போவதில்லை, யாருக்குத் தெரியப்போகிறது?

இப்படியாகப் பாதுகாப்பு பலமாக இருந்த காலத்தில் ரோகிணிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. திருமங்கலத்து மாப்பிள்ளை. அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்க்கும்போது ரோகிணி தானாகச் சிரித்துக்கொண்டாள் என்பதால், அவளுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை. விசேஷம் வீட்டிலேயே. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்துப் பெண்ணை உட்கார வைத்த பிறகுதான் தட்டு மாற்றுவது வழக்கம். தாய்மாமன் என்றால் விருமாண்டி.

விருமாண்டி வேனில் வந்து இறங்கினார். சீர்த்தட்டுகள், பழம், பூ, ரோகிணிக்குப் பட்டுச்சேலை, அவர் வளர்த்த கிடாமீசை. வந்ததும் போனை நீட்டினார்.

"மாப்ள, நம்ம நல்லகாமனுக்குச் சிங்கப்பூர்ல லீவு கிடைக்கல. அழுதுட்டான் பய. மாலை எடுத்துக் குடுக்கிறதை வீடியோவுல காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். என் போன்ல பேக் முடிஞ்சு போச்சு. நெட்டைப் போட்டு விடுங்க."

நல்லகாமன் விருமாண்டியின் மகன். அழகுபாண்டி போனை வாங்கினார். முதுகைக் காட்டினார். விரல் ஒரு விநாடி மெயின்மேல் நின்றது. வாசலில் ஆட்டோ அண்ணன் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. விரல் கெஸ்ட்டுக்குப் போனது.

"ம், வந்துருச்சு மச்சான்."

விருமாண்டி உடனே மகனைக் கூப்பிட்டுவிட்டார். வாழைமரம், கோலம், பந்தி, பாய் வீட்டு ஆட்டுக்குட்டி வரை ஒன்றுவிடாமல் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். சந்தனம், பன்னீர் ஆயிற்று. "நல்ல நேரம் முடியிறதுக்குள்ள ஆரம்பிங்கப்பா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா சின்னச்சாமி. வீட்டில் அப்போது இரண்டு நேரங்கள் முடிந்துகொண்டிருந்தன. ஒன்றைத்தான் எல்லாரும் கவனித்தார்கள்.

ரோகிணி வந்து நின்றாள். விருமாண்டி ஒரு கையால் மாலையை எடுத்தார். மறு கையில் போன்.

"நல்லகாமா, தெரியுதாடா? அத்தை மகளப் பாரு... டேய்? டேய்?"

திரையில் நல்லகாமன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான். பிறகு அவனும் போனான். வெள்ளைத் திரையில் எழுத்துகள் வந்தன. விருமாண்டி எழுத்துக் கூட்டிப் படிப்பவர். படித்தால் வாய்விட்டுத்தான் படிப்பார்.

"விருந்தினரே... வருகைக்கு நன்றி... தங்கள் நேரம்... முடிந்தது."

கூடத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"மாப்ள, இது என்ன?"

"அது ஒண்ணுமில்ல மச்சான். கெஸ்ட் லைன். அரை மணி நேரந்தான் வரும். டெக்னிக்கல்."

"கெஸ்ட்டுன்னா?"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது. "விருந்தாளிங்க."

"ஓ." விருமாண்டி மாலையைத் தட்டில் மெல்லத் திரும்ப வைத்தார். "நான் விருந்தாளி. அப்ப விருந்தாளி இல்லாத லைன்னு ஒண்ணு இருக்கோ?"

"அது மெயின். வீட்டு ஆளுகளுக்கு மட்டும்..."

அந்த நேரம் பார்த்து அழகுபாண்டியின் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு மெட்டுக் கேட்டது. கலகலவென்று கோயில் மணி ஆட்டினாற்போல் ஒரு மெட்டு.

"யாரு?"

"யாருமில்ல மச்சான். வாசிங் மெசினு. துவைச்சு முடிச்சிருச்சுன்னு சொல்லுது."

"அது எந்த லைன்ல பேசுது?"

அழகுபாண்டி எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாக மழுப்புவார். ஆனால் அளவையில் பொய் சொன்னது கிடையாது. அவருடைய தொழில் அவரை அங்கே கவிழ்த்துவிட்டது.

"...மெயின்."

விருமாண்டி தலையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டினார். "வாசிங் மெசினு வீட்டு ஆளு. இந்தப் புள்ளைக்குக் காது குத்துறப்ப மடியில வச்சிருந்தவன் வெளி ஆளு. சரிதான். அதையே மாலை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "விருந்தாளி நேரம் முடிஞ்சா எந்திரிச்சுப் போகணும்ல. வாரேன்."

போனவர் வேனுக்குப் போகவில்லை. நேரே பாய் வீட்டுக்குப் போனார்.

அது அவமானத்திலேயே உயர்ந்த வகை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன தாய்மாமனைச் சமாதானம் பேசி அழைத்து வரலாம். பக்கத்து வீட்டு சோபாவில், விசேஷ வீட்டு மேளம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமனை என்ன செய்வது?

சின்னச்சாமி எழுந்தார். "என்ன சம்பந்தி இது?"

"ஒண்ணுமில்ல. சின்ன டெக்னிக்கல்..."

"தாய்மாமன் எந்திரிச்சுப் போறாக, டெக்னிக்கல்ங்கிறீக! அவுக மாலை குடுக்காம நாங்க தட்டு மாத்துறது இல்லை. கூட்டிட்டு வாங்க. இல்லையா, இன்னொரு நாள் பாப்போம்."

கல்யாணப் பேச்சில் 'இன்னொரு நாள்' என்றால் என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ரோகிணிக்கும் தெரியும். பட்டுச்சேலையின் மடிப்பை ஒரு கையால் பிடித்தபடி அவள் அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நிக்கிறதைப் பாரு, எல்லைக்கல்லு மாதிரி!" என்றாள் தாமரைச்செல்வி. "எங்கண்ணனுக்கு மெயினைக் குடுங்க. இப்பவே. வாங்க."

பாய் வீட்டில் விருமாண்டி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே டம்ளரில் சாய்த்து வைத்த போனில் நல்லகாமன் தெளிவாகத் தெரிந்தான். சிங்கப்பூரில் அவன் முகத்திலிருந்த வியர்வைகூடத் தெரிந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." என்றார் விருமாண்டி, உள்ளே வந்த அழகுபாண்டியைப் பார்க்காமலே. "பாய் சபையில வாயைத் தொறந்து சொன்னாரு. எட்டு எழுத்து. எட்டுலயும் மரியாதை."

"நீங்க இங்க உக்காந்ததுல எனக்குச் சந்தோசம்தான்" என்றார் முஜிபுர் ரஹ்மான். "ஆனா மாலை அங்கயும் மாமன் இங்கயும் இருந்தா எப்படி? பாண்டித் தம்பி மெயினையே தாரேங்கிறாரு. வாங்கிக்கங்க."

"குடுக்கட்டும். வாங்கிக்கிறேன்."

அழகுபாண்டி கையை நீட்டினார். "போனைக் குடுங்க மச்சான், அடிச்சுத் தாரேன்."

"அடிக்க வேணாம். சொல்லுங்க."

"நானே அடிச்சா..."

"முதுகைக் காட்டித் திரும்பி நின்னு அடிப்பீக. அதான் வேணாங்கிறேன். வாயால சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் தலை தலையாக எட்டிப் பார்த்தார்கள். சின்னச்சாமியின் தலை நடுவில் இருந்தது. பாயின் மனைவி ஜெயினம்பு சர்பத் தட்டோடு நின்றுவிட்டாள். எத்தனையோ நிலத் தகராறில் நடுவில் நின்ற அழகுபாண்டி, அந்தச் சொற்களை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றார். மச்சான். வாரான். பூட்டுப் போடு. மச்சானைச் சமாதானம் செய்யச் சொல்ல வேண்டியதை மச்சானே எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கப் போகிறார்.

"அது... பெரிசா இருக்கும் மச்சான்."

"இருக்கட்டும். பொறுமையா அடிக்கிறேன்."

"மாத்திட்டுச் சொல்றேன்."

"ஏன்? இப்ப இருக்கிறதுக்கு என்ன கேடு?"

என்ன கேடு! அழகுபாண்டியின் நெற்றியிலிருந்து சந்தனம் கரைந்து இறங்கியது. நல்ல நேரமும் இறங்கிக்கொண்டிருந்தது.

ரோகிணிதான் முன்னால் வந்தாள். "மாமா, விசேஷ வீட்டுல யாராவது பழசைக் குடுப்பாகளா? நீங்க எனக்குப் பழைய சேலையா எடுத்துட்டு வந்தீங்க? அப்பா சொல்ல வர்றது அதான். புதுசு வைக்கணும். அதையும் நீங்கதான் வைக்கணும். மாலையும் நீங்க, பாஸ்வேர்டும் நீங்க."

விருமாண்டி சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார். மீசை ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. "அப்படியா மாப்ள?"

"அப்படித்தான்" என்றார் அழகுபாண்டி. வேறு என்ன சொல்வார்?

ரோகிணி அப்பாவின் போனை வாங்கினாள். வாங்கும்போது அவர் காதோரம் குனிந்து, "பூட்டுப் போடு தானப்பா? எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். எங்கிருந்தும் ரூட்டரை ஆளும் ஆப்பைத் திறந்து மாமாவிடம் நீட்டினாள். அழகுபாண்டி எட்டிப் பார்க்கப் போனார்.

"அங்கிட்டுத் திரும்புங்க மாப்ள" என்றார் விருமாண்டி.

இவர் திரும்பினார். விருமாண்டியும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, உள்ளங்கையால் மறைத்து, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகிய முறை. ஓர் அசைவு பிசகவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு மாமா" என்றாள் ரோகிணி. "ரூட்டருக்கே தனி பாஸ்வேர்ட். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தணும். அப்பாவோட ரூல்."

அதையும் விருமாண்டியே மாற்றினார்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. தாய்மாமன் வீடு திரும்பி, முதலில் தங்கை போனிலும், அடுத்து ரோகிணி போனிலும், அதற்கடுத்து சம்பந்தி சின்னச்சாமியின் போனிலும், தாம்பூலம் வைப்பதுபோல் வரிசைக்கிரமமாகப் புது பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். கொல்லைக்குப் போய், ரோகிணி சொல்லச் சொல்ல வாசிங் மெசினுக்கும் போட்டார். "இதும் வீட்டு ஆளுதான, பாவம்" என்று அதன் தலையில் தட்டிக் கொடுத்தார். மாலை எடுத்துக் கொடுத்தார். தட்டு மாறியது. நல்லகாமன் சிங்கப்பூரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து, இந்த முறை முழுதாக அழுதான்.

எல்லாம் முடிந்த பிறகு அழகுபாண்டி தம் போனை நீட்டினார்.

விருமாண்டி வாங்கிக்கொண்டார். திரும்பி நின்றார். அடித்தார். "ம், வந்துருச்சு மாப்ள."

அழகுபாண்டி திரையைப் பார்த்தார். கெஸ்ட்.

கல்யாணம் தை மாதத்துக்கு. அதுவரை அவர் கெஸ்ட்டில்தான் இருக்கிறார். சோறு தின்று, கை கழுவி, செய்தியில் பாதி பார்ப்பதற்குள் அவர் எழுதிய வாசகம் அவருக்கே வந்துவிடுகிறது. 'தங்கள்' என்ற சொல்லில் இப்போது அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. மச்சானுக்குப் போன் போட்டால், "போன்ல சொல்லக் கூடாதுன்னு நீங்கதான மாப்ள சொல்லுவீக? நேர்ல வாரேன்" என்கிறார். நேரில் வருகிறார், கோழி அடித்துச் சாப்பிடுகிறார், தங்குகிறார், மறந்துபோய் ஊருக்குப் போய்விடுகிறார்.

ரூட்டருக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை உண்டு. ஊக்கை விட்டு அழுத்தினால் எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். அழகுபாண்டிக்குத் தெரியாதா? ஸ்டூல் போட்டுப் பரணருகில் ஊக்கோடு ஏறி நின்றிருக்கிறார்.

"அமுக்குங்க" என்றாள் கீழிருந்து தாமரைச்செல்வி. "எங்கண்ணன் வச்சதை அழிச்சிட்டு, கல்யாணத்தன்னிக்கு மாலை குடுக்க வாசிங் மெசினைக் கூப்பிடுங்க."

இறங்கிவிட்டார்.

சாயங்காலங்களில் அவரை முருங்கை மரத்தடியில் பார்க்கலாம். தம் சிக்னல் ஒரு சாண்கூட வெளியே போகாமல் நிறுத்திய அதே சுவரில் சாய்ந்துகொண்டு, கையை அந்தப் பக்கம் நீட்டிப் போன் பார்த்துக்கொண்டிருப்பார். பாய் வீட்டு சிக்னல் சுவரைத் தாண்டித் தாராளமாக வருகிறது. "நல்லா கிடைக்குதா தம்பி?" என்று பாய் கேட்பார். "நாலு கோடு காட்டுது பாய்" என்பார் இவர். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அவர் இப்போதெல்லாம் அலுவலகத்தில் மட்டும்தான் பயன்படுத்துகிறார்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ உங்கள் வீட்டு பாஸ்வேர்டை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தீர்களே, அது பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம்தான். பரவாயில்லை. எங்களிடம் சொல்ல வேண்டாம். அதில் ஓர் ஆள் பெயர் இருந்தால் மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த ஆள் அடுத்த விசேஷத்துக்குக் கட்டாயம் வருவார். வந்து போனை நீட்டுவார். வாயால் சொல்லச் சொல்வார்.